கித்தார் தந்தி: நாதமும் ஆயுளும்

பாளையங்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த பங்குகளிலும் ஞாயிறு திருப்பலிக்குச் செல்வோர், பாடற்குழுவினர் நடுவே கித்தார் ஒன்றைக் காணாதிருத்தல் இன்று அரிது. ஆர்மோனியமும் தபேலாவும் மட்டுமே கோலோச்சிய இடத்தில், கழுத்தில் வாரை மாட்டிக்கொண்டு நிற்கும் இளைஞனையோ இளம்பெண்ணையோ காண்கின்றோம். அக்கருவியை வாங்குவதற்கு நம் குடும்பத்தார் எத்தனையோ மாதங்கள் காசு சேர்க்கின்றனர். கடைக்குச் சென்றதும் மரத்தைத் தட்டிப் பார்க்கின்றனர். மெருகைத் தடவிப் பார்க்கின்றனர். உறை இலவசமா என வினவுகின்றனர். ஆனால் ஒலியைப் பிறப்பிக்கின்ற தந்தியைப் பற்றி வினவுவோர் மிகச் சிலரே. கடையில் மாட்டித் தந்த கம்பி எதுவோ அதுவே ஈராண்டு, மூவாண்டு கருவியில் கிடக்கும். அது கறுத்துப் போகும், துருவும் பிடிக்கும். பிள்ளை விரல் நோகின்றது என்பான். சுருதி நிற்கவில்லை என்பான். பின்னர் ஒருநாள் கருவி பீரோவின் மேல் ஏறிவிடும். "பையனுக்கு இசை வரவில்லை" என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுவர். பையனுக்கு இசை வந்திருக்கக்கூடும், வாராதது தந்திக்கே.

தந்தியை ஆராயாமல் கருவியைத் தொடலாகாது என்பது நம் முன்னோர் நன்கறிந்த செய்தி. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையை இசையில் வெல்ல வந்த சீவகன், தன் கையில் தரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்குகின்றான். ஒன்றின் மரம் நீரில் நின்றது, ஒன்று இடி வீழ்ந்தது என்று மரத்தின் குற்றங்களைச் சொல்லுகின்றான். நரம்பையும் விட்டானில்லை, முறுக்கைப் பிரித்து உள்ளே கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகின்றான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றங்களை நான்காக வகுத்தனர் பண்டை இசைநூலார். 'நரம்பு' என்ற சொல்லே அக்காலத் தந்தி எதனால் ஆனது என்பதைக் காட்டிக் கொடுக்கின்றதன்றோ? நம் பக்கத்துச் சாம்பவர்வடகரையிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-ஆம் ஆண்டு வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில் தந்தியின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டு நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதினார். அத்தகைய மண்ணில் பிறந்தோர், ஒரு கம்பி வாங்குமுன் நான்கு கேள்வி கேட்பதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

நைலானா, எஃகா?

முதற்கேள்வி இதுவே. இதில் பிழை நேர்ந்தால் மற்றைய ஆராய்ச்சி எதுவும் பயன்தராது.

கித்தாருக்கு முதலில் இருந்தது விலங்கின் குடலைத் திரித்துச் செய்த நரம்பே. 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, ஆஸ்திரியா நாட்டு ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரின் புனித நிக்கொலாஸ் ஆலயத்தில், 'சைலன்ட் நைட்' என இன்று உலகமெல்லாம் அறிந்த கீதம் முதன்முதல் பாடப்பெற்றது. பாடலை எழுதிய இளங்குரு யோசேப்பு மோர் தாமே கித்தாரை மீட்டினார். இசையமைத்த ஆசிரியர் பிரான்ஸ் சேவியர் குரூபர் உடன் பாடினார். ஆலயத்து ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டதாகச் சொல்லப்படும் கதை பிற்காலத்தார் கட்டியது. ஆனால் கித்தார் கட்டுக்கதையன்று. மோரின் கித்தாரை இன்றும் ஹாலைன் நகரில் குரூபர் வாழ்ந்த இல்லத்தில் அமைந்த அருங்காட்சியகத்தில் காணலாம். அக்காலக் கித்தாரின் மேல் மூன்று தந்திகள் குடல் நரம்பு. கீழ் மூன்றும் பட்டு நூலின்மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியவை. அன்றிரவு அவ்வாலயத்தில் எழுந்த ஒலி, இன்று நம் கோவில்களில் கேட்கும் எஃகு ஒலியினும் மிக மென்மையாகவே இருந்திருக்கும்.

குடல் நரம்பு போய் நைலான் வந்தது போரினால். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குடல் நரம்பு முழுவதும் அறுவைச் சிகிச்சைத் தையலுக்கே தேவைப்பட்டது. கித்தார்காரர்க்குத் தந்தி கிடைக்கவில்லை. நியூயார்க்கில் வாழ்ந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கருவிக் கலைஞர் நைலான் இழையைக் கொண்டு தந்தி செய்து பார்த்தார். ஸ்பெயின் நாட்டுப் பெருங்கலைஞர் ஆந்த்ரே செகோவியா அதனை ஏற்றுக்கொண்டார். அதுமுதல் 'கிளாசிக்கல்' எனப்படும் கித்தாருக்கு நைலானே உரியதாயிற்று. எஃகுக் கம்பி தாங்கும் கித்தாரோ வேறு வழியில் வளர்ந்தது. அமெரிக்காவில் 1833-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மார்ட்டின் தொழிலகம் முதலானவை, 1920-களில்தான் எஃகுக் கம்பிக்கென்றே உள்ளே வலுவான சட்டம் வைத்துக் கித்தார்களை வழக்கமாகச் செய்யத் தொடங்கின.

இவ்வரலாற்றை நாம் இங்கு எடுத்துரைப்பது காரணத்தோடுதான். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து கருவியை இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ. மெல்லிய வகை எஃகுத் தந்திகள் ஆறும் இழுப்பதோ ஏறத்தாழ 73 கிலோ. அதாவது ஒரு மூட்டை அரிசி. நைலானுக்கென்று செய்த மெல்லிய பலகையின்மேல் இரவும் பகலும் ஓர் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் என்னாகும்? சில திங்களில் பலகை வயிறு பருத்து எழும்பும். ஒருநாள் வெயிலில் பசை இளகிக் குதிரை பிடுங்கிக்கொண்டு வரும். இவ்வாறு குதிரை பெயர்ந்த கித்தார்களைப் பங்குக் கோவில்களின் சாமான் அறைகளில் நாம் கண்டதுண்டு. நைலான் கம்பி 'சத்தம் போதாது' என்று யாரோ எஃகு மாட்டியதன் விளைவு அது.

ஆகவே வாங்குமுன் வீட்டிலுள்ள கருவி எவ்வகையது என்று பாருங்கள். தலைப்பகுதியில் நீண்ட இரு பள்ளங்கள் வெட்டி, தண்டு அகலமாய், குதிரையில் தந்தியை முடிச்சிட்டுக் கட்டும்படி இருந்தால் அது பெரும்பாலும் நைலான் கித்தார். தந்தியின் நுனியில் சிறு பித்தளை வளையம் இருந்து, அதனைக் குதிரையின் துளையில் இறக்கி ஆணியால் அடைக்கும்படி இருந்தால் அது எஃகுக்குரியது. ஐயமிருப்பின் கருவியையே கடைக்கு எடுத்துச் செல்லுதல் நலம். "அண்ணாச்சி, கித்தார் கம்பி ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் கைக்கு முதலில் அகப்படுவதையே எடுத்துத் தருவார். அவரைக் குறை கூறிப் பயனில்லை.

பருமன் என்னும் கணக்கு

எஃகுக் கம்பியின் உறையின்மேல் 10, 11, 12, 13 என எண்கள் இருக்கும். இவை மிக மெல்லிய முதல் தந்தியின் பருமன்; ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்பது பொருள். 12 என்றால் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். அதே உறையில் கடைசித் தந்தி 53 அல்லது 54 என்றிருக்கும்.

இந்த எண்களுக்குப் பின்னால் அழகானதொரு விதி மறைந்திருக்கின்றது. அதனை 1636-ஆம் ஆண்டு அச்சேறிய தம் இசைநூலில் விளக்கியவர் மரேன் மெர்சேன் என்னும் பிரான்சு நாட்டுத் துறவி. மினிம் சபையைச் சேர்ந்தவர். தந்தி நீண்டால் சுருதி தாழும். இழுவிசை கூடினால் சுருதி ஏறும். எடை கூடினால் சுருதி தாழும். நீளம் இரட்டித்தால் அதிர்வு பாதியாகும். ஆனால் எடையாலேயே அதிர்வைப் பாதியாக்க வேண்டுமாயின் எடை நான்கு மடங்காக வேண்டும்.

கித்தாரின் மெல்லிய ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிர்கின்றது. தடித்த ஈ தந்தி ஏறத்தாழ 82 முறை. இரண்டு ஸ்தாயி வேறுபாடு, அதாவது நான்கில் ஒரு பங்கு அதிர்வு. நீளமும் இழுவிசையும் ஒத்திருக்க, தடித்த தந்தி பதினாறு மடங்கு எடையுடையதாக வேண்டும். பருமனில் நான்கு மடங்கு. ஆனால் நான்கு மடங்கு பருமனுள்ள வெற்றெஃகுக் கம்பி, கம்பியாக இராது, கோலாக இருக்கும். மீட்டினால் 'டொக்' என்னும். ஆதலின் மெல்லிய எஃகு உள்தந்தியின்மேல் செம்புக் கலவைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி எடையை மட்டும் கூட்டினர். வளையும் தன்மை கெடாமல் காத்தனர். கித்தாரின் கீழ் நான்கு தந்திகளும் இவ்வாறு சுற்றப்பட்டவை. மேல் இரண்டும் ஈயம் பூசிய வெற்றெஃகு. நம் தாய்மார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவித்ததும் இதுவும் ஒரே வேலைதான்: உலோகத்தைக் காற்றிலிருந்தும் புளிப்பிலிருந்தும் காத்தல்.

பருமன் கூடினால் ஒலி பெருகும், அடித்தொனி உறுதிப்படும், பாடற்குழுவின் நடுவே மைக்கு இன்றியும் கேட்கும். ஆனால் இழுவிசையும் கூடும். 10-இல் தொடங்கும் தொகுதி ஏறத்தாழ 60 கிலோ இழுக்கும். 12-இல் தொடங்குவது 73. 13-இல் தொடங்குவது 84 வரை செல்லும். இவ்வேற்றுமை முழுவதையும் தாங்குவது பிள்ளையின் இடக்கை விரல் நுனிதான். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு 13 எண் கம்பியை மாட்டிவிட்டு, 'முயற்சி போதாது' என அவளைக் கடிந்துகொள்வது அநீதி. தொடங்குவோர்க்கு 10 அல்லது 11 போதும். ஓராண்டில் விரல் நுனி காய்த்துப் போனபின் 12-க்கு ஏறலாம். 13 எண்ணோ, வலுவாக மீட்டிப் பழகிய கைக்கும் அதைத் தாங்கும் கருவிக்கும் மட்டுமே. கல்கத்தாவில் செய்யப்பட்ட பழைய விலை மலிந்த கித்தார்கள் பல நம் வீடுகளில் உள்ளன. தண்டு வளைந்து, கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே விரல் நுழையுமளவு இடைவெளி விட்டிருக்கும். அவற்றுக்கு 10 எண்ணே தக்கது.

இன்னும் ஓர் எளிய வழி உண்டு. ஆறு தந்திகளையும் ஓர் அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்தால் இழுவிசை நூற்றுக்குப் பதினொரு பங்கு குறைகின்றது. மெர்சேன் துறவியின் விதிப்படியே கணக்கிட்டுக் கொள்ளலாம். குறைந்த சுருதியை ஈடுசெய்ய முதல் மெட்டில் கேப்போ ஒன்றை மாட்டினால் ஆர்மோனியத்தோடும் இணங்கிவிடும். விரல் நோகும் பிள்ளைக்கு இது பெருத்த ஆறுதல்.

ஆர்மோனியத்தைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. நம் கோவில்களில் உள்ள பழைய ஆர்மோனியங்கள் சில, வழக்கமான சுருதியினும் சற்று ஏறி நிற்கும். நாக்குகள் உலோகம், அவற்றை நினைத்தவுடன் மாற்றவியலாது. கித்தார்தான் இறங்கியோ ஏறியோ வந்து சேரவேண்டும். ஏறிச் சேரும்பொழுது மெல்லிய கம்பி அறுந்துபோனால், கம்பி போலி என்று எண்ணிவிட வேண்டா. அது தன் அளவுக்கு மேல் இழுக்கப்பட்டிருக்கலாம்.

பித்தளையும் வெண்கலமும்

இனி நாதம். எஃகுத் தந்தியின் மேற்சுற்று எவ்வுலோகம் என்பதே பெரும்பாலும் தொனியைத் தீர்மானிக்கின்றது. கடைகளில் இரு வகைகள் மிகுதி. ஒன்று '80/20 பிரான்ஸ்' எனப்படுவது. நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். பெயர் பிரான்ஸ் ஆயினும், செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் அது பித்தளை என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். 1930-களில் நியூயார்க்கைச் சேர்ந்த தந்தி உற்பத்தியாளர் ஜான் டடாரியோவும் கருவிக் கலைஞர் ஜான் டியாஞ்செலிக்கோவும் இக்கலவையைத் தந்திக்குக் கொண்டுவந்தனர். மற்றொன்று 'பாஸ்பர் பிரான்ஸ்'. செம்போடு சிறிது வெள்ளீயமும் மிகச் சிறிது பாஸ்பரமும் சேர்ந்தது. இதுதான் உண்மையான வெண்கலத்தின் இனம். கோவில் மணியும் செம்பும் வெள்ளீயமும் கலந்ததே. டடாரியோ நிறுவனம் இதனை 1974-ஆம் ஆண்டு கித்தார் தந்திக்கு அறிமுகப்படுத்தியது.

இரண்டையும் அடுத்தடுத்து மாட்டிக் கேட்டால் வேற்றுமை புலப்படும். பித்தளைத் தந்தி புதிதாக இருக்கையில் 'கணீர்' என்னும், மேலொலிகள் பளிச்சிடும், கூட்டப் பாடலில் தாளத்தைத் தெளிவாகக் காட்டும். ஆனால் அப்பளபளப்பு நெடுநாள் நில்லாது. வியர்வை பட்ட சில வாரங்களில் மங்கத் தொடங்கும். வெண்கலத் தந்தி முதல்நாளில் அவ்வளவு பளிச்சிடாது. சற்று இழைந்து, கனிந்து ஒலிக்கும். விரல்களால் ஒவ்வொரு தந்தியாக மீட்டும் தியானப் பாடல்களுக்கு இசைவானது. அதன் சிறப்பு, முதல்நாள் ஒலி நாற்பதாம் நாளிலும் ஏறத்தாழ அப்படியே இருத்தல். புளியிட்டுத் துலக்கிய பித்தளைச் செம்பு ஞாயிறன்று பொன்போல் மின்னிப் புதனன்று கறுத்திருப்பதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நம் முடிவை வெளிப்படையாகவே கூறிவிடுகின்றோம். ஒரே தொகுதியை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய நடுத்தரக் குடும்பத்துக்கும் பங்குப் பாடற்குழுவுக்கும் பாஸ்பர் பிரான்ஸே ஏற்றது. பித்தளை, ஒலிப்பதிவுக்குச் செல்வோரும் அடிக்கடி மாற்ற வசதியுடையோரும் கொள்ளத்தக்கது. இதற்கு மாறாகக் கருதும் இசைவல்லாரும் உளர். அவர்கள் செவி அவர்களுக்கு.

வேறு இரண்டையும் சொல்லிவிடல் வேண்டும். எஃகு உள்தந்திக்கும் மேற்சுற்றுக்கும் நடுவே பட்டிழை வைத்துச் செய்த 'சில்க் அண்டு ஸ்டீல்' தந்தி உண்டு. ஒலி சிறிது, ஆனால் மிக மென்மை, இழுவிசையும் குறைவு. முதிய கருவிக்கும் முதிய விரல்களுக்கும் உகந்தது. ஓய்வுபெற்றபின் கித்தார் கற்கும் பெரியோர் இதனைக் கேட்டு வாங்கலாம். மற்றொன்று மோனல் என்னும் நிக்கலும் செம்பும் கலந்த உலோகத்தாலான சுற்று. கடல்நீர் அரிப்பைத் தாங்குவதால் கப்பற் சாமான்களுக்குப் பயன்படுவது அது. ஒலி சற்று உலர்ந்தாற்போல் இருக்கும். பலருக்கு முதலில் பிடிப்பதில்லை. ஆனால் உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஒரே மாதத்தில் எஃகைத் தின்றுவிடும். அங்கே இது எண்ணிப் பார்க்கத் தக்கது. நம்மூர்க் கடைகளில் எளிதிற் கிடைக்காது; வெளியூரிலிருந்தோ இணைய வழியாகவோ தருவிக்க வேண்டும்.

மேற்பூச்சு பெற்ற தந்தி

1990-களில் தந்தி வரலாற்றில் புதியதொரு கிளை தோன்றியது. மழைக்கோட்டுத் துணியால் பெயர்பெற்ற கோர் என்னும் அமெரிக்க நிறுவனம், 'எலிக்சர்' என்ற பெயரில், சுற்றின்மேல் மிக மெல்லிய நெகிழிப் படலம் போர்த்திய தந்திகளை விற்கத் தொடங்கியது. ஒட்டாத தோசைக்கல்லின்மேல் பூசுகின்ற பொருளின் இனமே இப்படலம். பின்னர் ஏனைய நிறுவனங்களும் தத்தம் முறையில் பூச்சுத் தந்திகளைக் கொணர்ந்தன.

தந்தி சாவது எவ்வாறு என அறிந்தால் இப்பூச்சின் பயன் விளங்கும். விரலின் எண்ணெயும் தோலின் துகளும் வியர்வையின் உப்பும் சுற்றுக்கம்பியின் இடைவெளிகளில் புகுந்து படிகின்றன. தந்தியின் எடை ஓரிடத்தில் கூடுகின்றது, ஓரிடத்தில் இல்லை. மேலொலிகள் அடங்கி ஒலி மந்தமாகின்றது. உப்பு உலோகத்தையும் அரிக்கின்றது. இதனோடு, மெட்டின்மேல் மீண்டும் மீண்டும் அழுத்தப்படும் இடங்களில் தந்தியின் அடிப்பக்கம் தேய்ந்து தட்டையாகின்றது. இந்நிலையில் திறந்த தந்தி சுருதி சேர்ந்திருந்தாலும், ஐந்தாம் மெட்டில் பிடித்தால் சுருதி விலகும். பாடற்குழு அறியாமலே அதனைப் பின்பற்றித் தவறும். "இன்று ஏனோ பாடல் சேரவில்லை" என்று திருப்பலி முடிந்து முகம் வாடி நிற்கும் குழுவினர், முதலில் கித்தார் தந்தியின் அடியில் விரலை ஓட்டிப் பார்க்கட்டும். சிறு பள்ளங்கள் நெருடினால் காரணம் கிடைத்துவிட்டது.

பூச்சு, அழுக்கும் உப்பும் உள்ளே புகாமல் தடுக்கின்றது. ஆதலின் பூச்சற்ற தந்தியைக் காட்டிலும் சில மடங்கு காலம் ஒலி மாறாதிருக்கும். மெட்டில் தேய்வதை மட்டும் அது தடுக்காது. விலையோ சாதாரணத் தந்தியைப்போல் இரு மடங்கு, சில வேளை அதற்கும் மேல். ஒலி ஒரு நூலளவு மழுங்கியிருப்பதாகவும், தொடுவதற்கு வழுக்குவதாகவும் சிலர் கூறுவர். பிளெக்ட்ரம் கொண்டு வேகமாக மீட்டுவோரின் கைபட்டுப் படலம் நூல்நூலாகப் பிரிந்து தொங்குவதும் உண்டு. அது கெட்டுவிட்டதன் அடையாளமன்று, பார்வைக்குத்தான் அழகிராது.

இங்கே கணக்குப் பார்க்க வேண்டியவர் வாங்குபவரே. கை மிகவும் வியர்ப்பவர்க்கும் (வியர்வையின் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும், ஒருவர் கைபட்ட தந்தி பத்து நாளில் கறுக்கும், மற்றொருவர் கையில் இரு மாதம் மின்னும்), ஞாயிறு மட்டும் வாசித்து வாரம் முழுவதும் கருவியைக் கோவிலில் விட்டுச் செல்லும் குழுக்களுக்கும் பூச்சுத் தந்தி கொடுத்த காசைத் திருப்பித் தந்துவிடும். நாள்தோறும் மூன்று மணி நேரம் பயிலும் மாணவனுக்கோ, மெட்டுத் தேய்வே முந்திக்கொள்ளும். அவன் மலிவான தந்தியை வாங்கி அடிக்கடி மாற்றுவதே மேல்.

பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலித் தந்திகள் சந்தையில் உலவுகின்றன என்பதையும் வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நம்பமுடியாத மலிவு, மங்கிய அச்சு, திறந்து ஒட்டிய உறை ஆகியன எச்சரிக்கை. சென்னை அண்ணாசாலையில் 1842-ஆம் ஆண்டு முதல் மரபு கொண்ட மியூசி மியூசிக்கல் போன்ற பழைய இசைக்கடைகளுக்குச் செல்ல வாய்ப்பிருந்தால், ஒரே முறையில் மூன்று தொகுதிகள் வாங்கி வருதல் நன்று. உறை பிரிக்காத தந்தி, ஈரமில்லாத இடத்தில் நெடுநாள் கெடாது.

ஆயுளைக் கூட்டும் வழி

காசு செலவின்றித் தந்தியின் ஆயுளை நீட்டிக்கும் வழி, வாசிக்குமுன் கை கழுவுவதும் வாசித்தபின் துடைப்பதுமே. துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டித் துண்டு ஒன்று கித்தார் உறையிலேயே இருக்கட்டும். தந்தியின் மேற்புறத்தை மட்டுமன்றி, துணியை அடியில் கொடுத்தும் இழுத்துத் துடைக்க வேண்டும். அழுக்குத் தங்குவது அடியில்தான். துருவுக்கு அஞ்சித் தேங்காய் எண்ணெய் தடவுவாரும் உளர். அது தூசியை இழுத்துப் பிசினாகும். தண்டின் மரத்திலும் ஊறும். வேண்டா.

மங்கிய சுற்றுக்கம்பிகளைக் கழற்றிக் கொதிநீரில் சில நிமிடங்கள் இட்டு உலர்த்தினால் மீண்டும் ஒலிக்கும் என்பது உண்மையே. படிந்த எண்ணெய் கழன்றுவிடுகின்றது. ஆனால் அப்புத்துயிர் சில நாட்களுக்கே. தேய்ந்த இடம் தேய்ந்ததே. விழா நெருங்கி, கையில் காசில்லாத வேளையில் கைகொடுக்கும் உத்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பருவங்களும் கவனிக்கத்தக்கவை. சித்திரை, வைகாசி வெயிலில் மரம் உலர்ந்து சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்து உப்பும். நமக்கு மழை பெரும்பாலும் இவ்விரு மாதங்களில்தான். புரட்டாசியில் மாட்டிய புதுத் தந்தி, ஈரச்சுவர் ஓரமாகச் சாத்தப்பட்டால் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் துரு காட்டிவிடும். கருவியை உறையிலிட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். கூரைத் தகட்டின் கீழும் பூட்டிய காரின் பின்னறையிலும் வைக்க வேண்டா. அவ்வெப்பத்தில் பசை இளகுமாதலால் தந்தியைவிட மரத்துக்கே ஆபத்து.

எப்பொழுது மாற்றுவது? நாளும் ஒரு மணி நேரம் வாசிப்பவர் இரு மாதங்களுக்கு ஒருமுறை பூச்சற்ற தந்தியை மாற்றலாம். ஞாயிறு மட்டும் வாசிப்பவர்க்கு ஆண்டில் இருமுறை போதும்: பாஸ்காவுக்கு முன் ஒன்று, கிறிஸ்து பிறப்புக்கு முன் ஒன்று. ஆனால் டிசம்பர் 24 மாலை மாற்றலாகாது. புதுத் தந்தி இழுபட்டு அடங்க இரண்டு மூன்று நாட்களாகும். அதுவரை ஒவ்வொரு பாடலுக்கும் சுருதி இறங்கும். நடுநிசித் திருப்பலியில் வானவர் கீதத்தின் நடுவே பிருடையைத் திருகிக்கொண்டிருப்பது அழகன்று. கீதப் பவனிக்குப் புறப்படுமுன்னரே, ஒரு வாரம் முந்தி மாற்றிவிடுங்கள்.

மாற்றும்பொழுது ஆறு தந்திகளையும் ஒருசேரக் கழற்றுவதைக் காட்டிலும், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுதல் பழகாதவர்க்கு எளிது. குதிரையின் சிறு எலும்புத்துண்டு நழுவி விழாது, எந்தத் தந்தி எந்தப் பிருடைக்கு என்ற குழப்பமும் நேராது. பழைய தந்தியை முழுதும் தளர்த்திய பின்னரே வெட்டுங்கள். இறுக்கத்தில் வெட்டினால் எஃகு நுனி கண்ணை நோக்கிப் பாயும். சிறுவர் அருகிலிருந்தால் அப்பால் அனுப்பிவிட வேண்டும். புதுத் தந்தியைப் பிருடையில் இரண்டு அல்லது மூன்று சுற்று, ஒன்றன்கீழ் ஒன்றாக வருமாறு சுற்றினால் போதும்; பத்துச் சுற்றுச் சுற்றினால் அத்தனையும் தளர்ந்து தளர்ந்து சுருதியைக் கெடுக்கும். மாட்டியபின் தந்தியின் நடுவே விரலிட்டு மெல்ல மேல்நோக்கி இழுத்துவிட்டு மீண்டும் சுருதி சேர்க்கவும். நான்கைந்து முறை இவ்வாறு செய்தால் அடங்கும் காலம் பாதியாகக் குறையும்.

வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாதீர்கள். வெறுங்காலில் ஏறினால் முள்ளைவிடக் கொடிது. பழைய தாளில் மடித்துக் குப்பையில் இடுங்கள். வெற்றுறையை எறிந்துவிடாமல், மாட்டிய தேதியையும் எண்ணையும் அதன்மேல் எழுதிக் கித்தார் உறையின் பையில் வையுங்கள். அடுத்த முறை கடையில் "எந்தக் கம்பி வேணும், தம்பி?" என்று அண்ணாச்சி கேட்கும்பொழுது அதை எடுத்து நீட்டலாம்.